வென்ற நாட்டின் பாக்கிக் கணக்கு

1905 செப்டம்பர் 5. அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் நகரில் ரஷ்யாவும் ஜப்பானும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடு ஒன்று மண்ணைக் கவ்வ வைத்துவிட்டதே என்று உலகம் வாயடைத்து நின்ற நேரம். அதே நாளில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் திரண்ட கூட்டம், வென்ற நாட்டின் தலைநகருக்கே தீ வைக்கத் தொடங்கியது. காவல் சாவடிகள் எரிந்தன. மறுநாள் ராணுவச் சட்டம் அமலுக்கு வந்தது. 17 பேர் இறந்தார்கள். கோபத்துக்குக் காரணம், ரஷ்யா ஒரு காசுகூடப் போர் இழப்பீடு தர ஒப்புக்கொள்ளவில்லை என்பது. வரிமேல் வரி கட்டி, பிள்ளைகளைப் பறிகொடுத்த மக்களின் வீட்டுக்கு வெற்றிச் செய்தி மட்டும் வந்து சேர்ந்தது.

அந்தப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய சிப்பாய்கள் பிறகு என்ன ஆனார்கள்? இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் சடோரு நோடா என்ற மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஓவியர். அவருடைய ‘கோல்டன் காமுய்’ 2014 ஆகஸ்டில் ஜப்பானிய வார இதழ் ஒன்றில் தொடங்கி, 2022 ஏப்ரலில் முடிந்தது. 31 தொகுதிகள். 2018-இல் ஒசாமு தெசுகா பெயரிலான பண்பாட்டு விருதின் முதன்மைப் பரிசைப் பெற்றது. 2019-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மங்காவுக்கென்று பெரிய கண்காட்சி நடத்தியபோது, அதன் விளம்பரங்களில் இடம்பிடித்தது இந்தக் கதையின் நாயகி அசிர்பாவின் முகம்.

கதை நடப்பது 1907-இல், ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில். போரிலிருந்து திரும்பிய சைச்சி சுகிமோட்டோ ஆற்றுமணலைச் சலித்துத் தங்கப் பொடி தேடுகிறான். அந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் சேர்த்து வைத்திருந்த தங்கம் எங்கோ பதுக்கப்பட்டிருக்கிறது என்றும், அதன் வரைபடம் 24 கைதிகளின் உடம்பில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது என்றும், அவர்கள் எல்லோரும் சிறையிலிருந்து தப்பிவிட்டார்கள் என்றும் ஒரு குடிகாரக் கிழவனின் வாயிலிருந்து தெரிந்துகொள்கிறான். அந்தத் தங்கத்துக்காகக் கொல்லப்பட்ட ஐனு ஒருவரின் மகள்தான் அசிர்பா. வேட்டைக்காரச் சிறுமி. இருவரும் கூட்டுச் சேர்கிறார்கள்.

சாகசத்துக்காக இதைப் படிக்கிறவர்கள் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் வருகிற ஐனு சமையலுக்காகப் படிக்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்த மங்காவின் முதுகெலும்பு வேறு. போருக்கு அனுப்பிய அரசு, திரும்பி வந்த சிப்பாய்க்குத் தர வேண்டியதைத் தரவில்லை. அந்தப் பாக்கி யார் தலையில் விழுந்தது? அதே அரசால் நிலத்தையும் ஆற்றையும் இழந்துகொண்டிருந்த ஐனு மக்களின் தலையில். போருக்குப் பிந்தைய வாழ்வைப் பேசும் கதைகள் ஏராளம். இந்தக் கணக்கை இவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு போன கதை அபூர்வம்.

இந்தியாவும் கொண்டாடிய வெற்றி

ரஷ்ய-ஜப்பான் போர் நமக்கு அந்நியமான செய்தி அல்ல. 1905 மே மாத இறுதியில் சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பற்படை அழிந்தது. பள்ளியில் சேர இங்கிலாந்து போயிருந்த 15 வயது ஜவாஹர்லால் நேரு, டோவரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போகும்போது அந்தச் செய்தியைப் படித்து உற்சாகத்தில் மிதந்ததைத் தன் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார். சென்னையில் சுதேசமித்திரனின் உதவி ஆசிரியராக இருந்த பாரதியும் ஜப்பானின் எழுச்சியில் ஆசியாவின் விடியலைக் கண்டவர்தான். வெள்ளையரை வெல்ல முடியும் என்ற நம்பிக்கைக்கு அன்று அந்தப் போர் சாட்சியாக நின்றது.

அந்த உற்சாகத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்குக் கப்பல்கள் தெரிந்தன, கொடிகள் தெரிந்தன, சிப்பாய் தெரியவில்லை.

அவன் நின்ற இடங்களில் ஒன்று போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் 203 மீட்டர் குன்று. உயரமே அதற்குப் பெயராகிவிட்டது. ரஷ்ய இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே அலை அலையாக ஆட்களை ஏற்றி அனுப்பி, 1904 டிசம்பர் 5 அன்று ஜப்பான் அதைப் பிடித்தது. அந்த ஒரு குன்றில் மட்டும் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியச் சிப்பாய்கள் மாண்டார்கள். முற்றுகையை நடத்திய தளபதி நோகி மாரெசுகே தன் இரண்டு மகன்களையும் இந்தப் போரில் இழந்தார். ‘கோல்டன் காமுய்’யின் முதல் பக்கங்கள் இந்தக் குன்றில்தான் தொடங்குகின்றன. சுகிமோட்டோ டோக்கியோவின் முதல் படைப்பிரிவைச் சேர்ந்தவன். அவனோடு மோதப்போகும் கதாபாத்திரங்களில் பலரும் ஹொக்கைடோவின் ஏழாவது படைப்பிரிவு. இரண்டு பிரிவுகளும் உண்மையிலேயே அந்தச் சரிவில் ஏறியவை.

குண்டுக்குத் தப்பியவர்களைச் சோறு கொன்றது. ஜப்பான் தரைப்படையின் அன்றைய உணவில் தீட்டிய வெள்ளை அரிசிதான் பிரதானம். ஊரில் தினையும் பார்லியும் தின்று வளர்ந்த ஏழை விவசாயி மகனுக்குப் பட்டாளத்தில் வெள்ளைச் சோறு கிடைப்பதே ஒரு கவர்ச்சி. விளைவு பெரிபெரி நோய். தவிட்டோடு போய்விடும் உயிர்ச்சத்து இல்லாததால் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, கடைசியில் இதயம் நின்றுபோகும். இந்தப் போரில் மட்டும் ஜப்பான் தரைப்படையில் சுமார் 2.5 லட்சம் பேர் பெரிபெரியால் பாதிக்கப்பட்டார்கள். 27,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்து தெரியாமல் நடந்த சாவு அல்ல இது. தகாகி கனேஹிரோ என்ற மருத்துவர் உணவை மாற்றி, பார்லி சேர்த்து, 1880-களிலேயே கடற்படையில் பெரிபெரியை ஏறக்குறைய ஒழித்துக் காட்டியிருந்தார். தரைப்படை மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களில் முக்கியமானவர், ஜப்பானிய இலக்கியத்தின் பெரும்பெயர்களில் ஒருவரான மோரி ஓகாய். போருக்குப் பிறகு, 1907-இல், அவர் தரைப்படை மருத்துவத் துறையின் தலைமைப் பதவிக்கு உயர்ந்தார்.

அதே 1907-இல் மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பெரிபெரி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தீட்டிய பச்சரிசி தின்ற சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் சாக, அதே மண்ணில் புழுங்கல் அரிசி தின்ற தமிழ்க் கூலிகளை நோய் தொடாததை அவர் கவனித்திருந்தார். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கடற்படை மருத்துவர் ஒருவரும் தோட்டத்துக் கூலிகளின் சோற்றுப்பானையும் சொன்ன விடை, ஒரு வல்லரசின் தரைப்படைத் தலைமையகத்துக்குள் நுழைய அத்தனை காலம் பிடித்தது.

பதக்கமும் பணமும்

நோடா தன் சிப்பாய்களைப் புலம்ப வைப்பதில்லை. அவர்களுக்குப் பணம் வேண்டும். எதற்கு, எவ்வளவு என்று கதை துல்லியமாகச் சொல்கிறது.

சுகிமோட்டோவுக்கு வேண்டியது 200 யென். போர்ட் ஆர்தரில் செத்துப்போன நண்பன் தோராஜியின் மனைவி உமெக்கோ பார்வை இழந்துகொண்டிருக்கிறாள். அமெரிக்காவுக்குப் போனால் கண் சிகிச்சை செய்யலாம். இதே உமெக்கோ ஒரு காலத்தில் சுகிமோட்டோவின் காதலி. குடும்பத்தையே காசநோய் கொண்டுபோன பிறகு, நோய் அவளுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவன் அவன். சாகும் நண்பனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று; கையில் காசில்லை.

போரில் காட்டிய வீரத்துக்குத் தங்கப் பருந்துப் பதக்கம் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அந்தப் பதக்கத்தோடு ஆண்டு மானியமும் வரும். கடைசிப் படியான ஏழாம் வகுப்புக்கே அன்று ஆண்டுக்கு 100 யென். ஆக, உமெக்கோவின் கண்ணுக்கு இரண்டாண்டு மானியம் போதும். ஆனால் பிடிக்காத மேலதிகாரி ஒருவனைச் சாகக் கிடக்கிற அளவுக்கு அடித்துவிட்டான் சுகிமோட்டோ. பதக்கமும் போயிற்று, மானியமும் போயிற்று. எதிரியைக் கொன்றதற்குப் பரிசு தரும் அதே அமைப்பு, அந்தக் கை தன் பக்கம் திரும்பிய கணத்தில் ஆளைக் கழற்றிவிடுகிறது.

நிஜத்திலும் கதை வேறு மாதிரி இல்லை. ஊனமுற்ற படைவீரர்களுக்கான இல்லம் அமைக்க 1906-இல் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு டோக்கியோவில் இல்லம் திறக்கப்பட்டது. கை கால் இழந்து திரும்பியவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அது சிறிய ஏற்பாடு. பிற்காலத்தில் ஊனமுற்ற வீரர்கள் வீடு வீடாக மருந்து விற்றுப் பிழைத்தார்கள். மானியத்தை உயர்த்தக் கோரி இயக்கம் நடத்தினார்கள். தளபதி நோகி, கையிழந்தவர்கள் பேனா பிடிக்கவும் சிகரெட் பிடிக்கவும் உதவும் செயற்கைக் கை ஒன்றை உருவாக்கச் சொந்தப் பணம் கொடுத்தார். அந்த இல்லத்துக்கு அடிக்கடி போய் வந்தார். குன்றின்மேல் ஆட்களை ஏற்றி அனுப்பிய அதே மனிதர்தான். 1912-இல் பேரரசர் மெய்ஜியின் இறுதி ஊர்வலத்தன்று மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டார்.

போர்ட் ஆர்தரில் காயம்பட்ட சகுராய் தாதாயோஷி என்ற இளம் அதிகாரி, வலக்கை பயனற்றுப்போனதால் இடக்கையால் எழுதிய போர் நினைவு நூல் 1906-இல் வெளியாகி, பல மொழிகளுக்குப் போய்ப் புகழ்பெற்றது. அதில் தியாகத்தின் பெருமை நிறைய உண்டு. நோடாவின் சிப்பாய்கள் அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ளாதவர்கள்.

நெற்றியில் தகடு அணிந்தவன்

லெப்டினன்ட் சுருமி இந்தக் கதையின் வில்லன். ரஷ்யாவோடு நடந்த முக்தென் சண்டையில் குண்டுச் சிதறல் மண்டையின் முன்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. நெற்றியை மறைத்து வெள்ளைத் தகடு. உணர்ச்சிவசப்பட்டால் அதன் ஓரத்திலிருந்து நீர் கசியும். துடைத்துக்கொண்டே பேசுவான். அருமையாகப் பேசுவான்.

அவன் பேச்சின் சாரம் இது: ஏழாவது படைப்பிரிவு எல்லாவற்றையும் கொடுத்தது; தலைநகரம் ஒன்றும் தரவில்லை. நாம் தங்கத்தைக் கைப்பற்றுவோம், ஹொக்கைடோவை நாமே ஆள்வோம், ஆயுதத் தொழிற்சாலை கட்டுவோம், செத்துப்போன தோழர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை கொடுப்போம். இதைக் கேட்கும் வாசகர் தலையாட்டிவிடுகிறார். அங்கேதான் நோடாவின் சாமர்த்தியம். சுருமி சொல்லும் குறைகளில் பொய் இல்லை. ஏமாற்றப்பட்ட படைவீரனின் நியாயமான கோபம் அடுத்த போருக்கான தொழிற்சாலையாக எப்படி உருமாறும் என்பதை, பிரசங்கம் எதுவும் செய்யாமல், ஒரு மனிதனின் வசீகரத்தின் வழியாகவே காட்டிவிடுகிறார். 1930-களில் ஜப்பானின் இளம் ராணுவ அதிகாரிகள் ஏழை விவசாயிகளின் பெயரைச் சொல்லித் துப்பாக்கி தூக்கியதை அறிந்தவர்களுக்கு, சுருமியின் குரல் எங்கே போய்ச் சேரும் என்று புரியும்.

அவனைச் சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உடைந்தவர்கள். நிகாய்டோ இரட்டையரில் ஒருவன். சகோதரனை இழந்து, பிறகு உறுப்பு உறுப்பாக இழந்து, மார்ஃபினுக்கு அடிமையாகிறான். அவன் வரும் காட்சிகள் சிரிக்க வைக்கும். சிரித்த பிறகு சங்கடமாக இருக்கும். ஓகாதா குறிபார்த்துச் சுடுவதில் மன்னன். கொன்றால் குற்றவுணர்ச்சி வரும் என்று மற்றவர்கள் சொல்வது அவனுக்கு விளங்குவதே இல்லை. இவர்கள் மீது இரக்கம் கேட்டு மங்கா நம் கையைப் பிடித்து இழுப்பதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் என்பதும் ஆபத்தானவர்கள் என்பதும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கின்றன.

யார் வீட்டு அடுப்பு?

இந்த மங்காவில் அடிக்கடி சாப்பிடுகிறார்கள். அணில் கறியைக் கொத்தி உருட்டிப்போட்ட கஞ்சி, சால்மன், மான், கரடி. சுகிமோட்டோ மிசோ கூழைக் கலக்க, அதை அசிர்பா மலம் என்று நினைத்து முகம் சுளிக்கும் நகைச்சுவை தொடக்க அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வரும். பிறகொரு நாள் அவள் துணிந்து சுவைத்துப் பார்க்கிறாள், பிடித்துவிடுகிறது.

இந்தச் சாப்பாட்டுக் காட்சிகளின் உச்சம் நூறாவது அத்தியாயத்தை ஒட்டி வருகிறது. போருக்குப் போனவர்கள் சண்டையிட வேறு மனிதனாக மாற வேண்டியிருந்தது என்கிறான் சுகிமோட்டோ. ஊர் திரும்பிச் சிலர் பழைய ஆளாகிவிட்டார்கள், சிலர் இன்னும் போர்க்களத்திலேயே நிற்கிறார்கள். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறாள் அசிர்பா. உலர்ந்த பெர்சிமன் பழம். அதைச் சாப்பிட்டால் போருக்கு முந்தைய சுகிமோட்டோவாக நீ திரும்ப முடியுமா என்று அந்தச் சிறுமி கேட்கிறபோது, சாவே அண்டாதவன் என்று பெயரெடுத்தவனின் கண் நனைகிறது. சிகிச்சை, ஆலோசனை, மறுவாழ்வு என்று இன்று நாம் அடுக்கும் சொற்கள் எதுவும் அந்த இடத்தில் இல்லை.

இன்னொருவன் தனிகாகி. அகிதா மலைப் பகுதியின் பாரம்பரிய வேட்டைக்காரன். தங்கையைக் கொன்ற மைத்துனனைப் பழிவாங்கவே பட்டாளத்தில் சேர்ந்தவன். தேடிய ஆளை 203 குன்றில் சாகும் தறுவாயில் சந்தித்து, அம்மை கண்ட தங்கை தன் ஊரைக் காப்பாற்றத் தானே சாவைக் கேட்டாள் என்ற உண்மையைக் கேட்டறிந்த பிறகு, எதற்கு உயிரோடு இருப்பது என்று தெரியாமல் படைப்பிரிவோடு ஒட்டிக்கொண்டிருந்தான். காயம்பட்டவனைத் தூக்கிவந்து தேற்றியது அசிர்பாவின் ஐனு குடியிருப்பு. அவளுடைய பாட்டி ஊட்டிய கஞ்சிக்குக் கைம்மாறு செய்வதே பிறகு அவன் வாழ்க்கையின் வேலையாகிறது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜப்பானிய அரசு கொடுக்காத மருந்தை ஐனு பாட்டி கொடுக்கிறாள். அந்தப் பாட்டிக்கு அந்த அரசு என்ன செய்துகொண்டிருந்தது?

1874-இல் ஜப்பான் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மெய்ஜி ஆட்சியில் வேலையும் சம்பளமும் இழந்து நின்ற சாமுராய்க் குடும்பங்களை ஹொக்கைடோவில் குடியேற்றுவது. பாதி நேரம் உழவு, பாதி நேரம் ராணுவப் பயிற்சி. அடுத்த ஆண்டு சப்போரோவை அடுத்த கொத்தோனியில் முதல் குடியேற்றம் தொடங்கியது. 1904-இல் திட்டம் முடிவுக்கு வரும்வரை 7,300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், சுமார் 40,000 பேர் இப்படிப் போனார்கள். இந்த உழவர்-படையினரை அடித்தளமாகக் கொண்டுதான் 1896-இல் ஏழாவது படைப்பிரிவே உருவானது. ஆட்சி மாறியதில் மிஞ்சிப்போன வீரர்களை என்ன செய்வது என்ற சிக்கலுக்கு ஜப்பான் கண்ட தீர்வு, இன்னொருவர் நிலம்.

அந்த இன்னொருவருக்குக் கிடைத்தது தடைகள். விஷ அம்புப் பொறிகள் 1876-இல் தடை செய்யப்பட்டன; ஆறுகளில் சால்மன் பிடிப்பதும் அடுத்தடுத்துத் தடுக்கப்பட்டது. 1899-இல் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் வந்த சட்டம், உழவுக்கு மாற விரும்பும் ஐனு குடும்பத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஹெக்டேர் அளவில் நிலம் தருவதாகச் சொன்னது. 15 ஆண்டுகளில் திருத்திப் பயிரிடாவிட்டால் திரும்பப் பறிக்கப்படும். நல்ல நிலம் அதற்கு முன்பே குடியேறிகளுக்கும் முதலாளிகளுக்கும் போயிருந்தது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1997-இல். போதாக்குறைக்கு, ரஷ்யாவோடு நடந்த போருக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட ஐனு ஆண்கள் சிப்பாய்களாகப் போனார்கள். நோடா இவர்களையும் மறக்கவில்லை. ஏழாவது படைப்பிரிவில் அரிகோ என்ற ஐனு சிப்பாய், இரண்டு விசுவாசங்களுக்கு நடுவில் நசுங்குகிறான்.

நோடா ஹொக்கைடோக்காரர். நாயகனுக்கு அவர் வைத்தது தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அந்தக் கொள்ளுத்தாத்தா உழவர்-படையினராக வந்து, ரஷ்யாவுக்கு எதிராகப் போரிட்டவர். அதாவது குடியேறியவர்களின் கொள்ளுப்பேரன், தன் குடும்பத்துக்கு நிலம் வந்த கதையை வரைந்திருக்கிறார்.

சிவகாசி வாசகருக்குத் தெரிந்த கதை

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு இந்தக் களம் புதிதல்ல. முத்து, லயன் காமிக்ஸ் வழியாகச் சிவகாசியிலிருந்து வந்த கேப்டன் டைகரை நினைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு மூலத்தில் புளூபெர்ரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவன். போர் முடிந்ததும் குதிரைப்படையோடு மேற்கே போய்ச் செவ்விந்தியர் நிலத்தில் நிற்கிறான். ‘மின்னும் மரணம்’ தொடரில் தோற்ற தென்மாநிலங்கள் பதுக்கிய தங்கத்தின் பின்னால் அலைகிறான். போர் முடிந்த சிப்பாய், பதுக்கிய தங்கம், பூர்வகுடி நிலம்: மூன்றும் அங்கேயும் இருக்கின்றன. அமெரிக்காவுக்கு மேற்கு எல்லை எப்படியோ, ஜப்பானுக்கு ஹொக்கைடோ அப்படி.

வேறுபாடு ஒன்று உண்டு. அந்தக் கதைகளில் பூர்வகுடியினர் பெரும்பாலும் வழியில் எதிர்ப்படுகிறவர்கள். ‘கோல்டன் காமுய்’யில் வீட்டுக்காரர்கள் அவர்கள், சிப்பாய்தான் விருந்தாளி. சிபா பல்கலைக்கழகத்தின் ஐனு மொழி அறிஞர் ஹிரோஷி நாகாகாவா மொழியைச் சரிபார்த்திருக்கிறார். வில், கத்தி, கூடை, ஆடை ஒவ்வொன்றும் அருங்காட்சியகப் பொருள்களைப் பார்த்து வரையப்பட்டவை.

குறைகள் இல்லாமல் இல்லை. பச்சை குத்திய தோலுக்காக ஆளை உரிக்கும் கதையில் ரத்தம் வழிகிறது. ஆண்களின் ஆபாச வேடிக்கைகள் சில இடங்களில் எல்லை மீறுகின்றன. அதைவிட முக்கியமான குறை, அன்றைய ஐனு மக்கள் அன்றாடம் சந்தித்த அவமதிப்பும் பசியும் இந்தப் பக்கங்களில் குறைவு. பரிதாபத்துக்குரிய ஐனு வேண்டாம், வலிமையான ஐனுவை வரையுங்கள் என்று ஐனு தரப்பிலிருந்தே தனக்குச் சொல்லப்பட்டதாக நோடா பேட்டிகளில் கூறியிருக்கிறார். மதிக்க வேண்டிய வேண்டுகோள். ஆனாலும் அசிர்பாவின் குடியிருப்பில் அடுப்பு எப்போதும் எரிகிறது, பானை எப்போதும் நிறைந்திருக்கிறது. 1907-இல் எத்தனை ஐனு வீடுகளில் அப்படி இருந்திருக்கும்? சிப்பாயின் காயத்தை ஆற்றும் கைகள் எங்கிருந்து அந்த உணவைக் கொண்டுவந்தன என்பதைக் கதை இன்னும் கடுமையாகக் கேட்டிருக்கலாம்.

ஒற்றைக் கை ஓவியர்

இந்தக் கேள்வியை நோடாவுக்கு முன்பே தன் உடம்பால் வாழ்ந்தவர் மங்கா ஓவியர் ஷிகேரு மிசுகி. 1922-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல் படைக்கு எடுக்கப்பட்டு, நியூ பிரிட்டன் தீவின் ரபாலுக்கு அனுப்பப்பட்டார். மலேரியாவில் கிடந்தபோது நடந்த குண்டுவீச்சில் இடக்கை போயிற்று. அருகில் வாழ்ந்த டோலாய் மக்கள் அவருக்குப் பழமும் கிழங்கும் கொடுத்து நண்பர்களானார்கள். போர் முடிந்ததும் அவர்களோடு தங்கிவிடவே விரும்பினார்; ராணுவ மருத்துவர் ஒருவர் பேசி ஊருக்கு அனுப்பி வைத்தார்.

ஊரில் வரவேற்பு ஒன்றும் காத்திருக்கவில்லை. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1946-இல் ராணுவ ஓய்வூதியத்தை நிறுத்தியது. அது மீண்டது 1953-இல். இடையில் வெள்ளை அங்கி அணிந்த ஊனமுற்ற வீரர்கள் தெருவில் நின்று காசு கேட்டார்கள். மிசுகி மீன் விற்றார், கோபேயில் வாடகைக் குடியிருப்பு நடத்தினார், தெருவில் படம் காட்டிக் கதை சொல்பவர்களுக்கு வரைந்தார், வாடகை நூலகங்களுக்கான மங்கா வரைந்து அரைவயிற்றுக் கஞ்சி குடித்தார். ‘கிதாரோ’ என்ற பேய்ச் சிறுவன் 1960-களில்தான் அவரைத் தூக்கிவிட்டான்.

1973-இல் அவர் வரைந்த போர் மங்காவில் ஒரு படைக்குழு முழுவதும் வீரமரணம் அடைந்துவிட்டதாகத் தலைமையகத்துக்குத் தகவல் போய்விடுகிறது. பார்த்தால், சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அறிக்கை பொய்யாகிவிடக் கூடாது என்பதால் அவர்கள் திரும்பப் போய்ச் சாகும்படி உத்தரவாகிறது. பிழைத்து வந்த சிப்பாய் அரசுக்கு எவ்வளவு பெரிய சங்கடம் என்பதை இதைவிட நேராக யாரும் வரைந்ததில்லை.

சுகிமோட்டோவுக்கு ஐனு, மிசுகிக்கு டோலாய். ஒருவன் கற்பனை, ஒருவர் நிஜம். தேற்றியவர்கள் இரண்டு இடத்திலும் பேரரசு மிதித்த மக்கள். மிசுகி 1970-களின் தொடக்கத்தில் ரபாலுக்குத் திரும்பிப் போய்ப் பழைய நண்பர்களைச் சந்தித்தார். அந்த உறவை விடாமல் காத்தார். தனிமனிதர் ஒருவரால் அவ்வளவுதான் முடியும்.

அரசுகளின் பங்கு என்ன? 2019-இல் ஜப்பான் சட்டத்தின் வழியாக ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று அங்கீகரித்தது. 2020 ஜூலையில் ஷிராவோயில் உப்போபோய் என்ற பெயரில் தேசிய ஐனு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நடனம், உடை, உணவு எல்லாம் அங்கே உண்டு. ஜப்பானியர்களிடம் ஐனு பண்பாட்டின் மீது ஆர்வம் தூண்டியதில் ‘கோல்டன் காமுய்’க்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் நிலமோ மீன்பிடி உரிமையோ திரும்பத் தரப்படவில்லை.

ஹொக்கைடோவின் கிழக்கில் உராஹோரோ ஊரைச் சேர்ந்த ராபோரோ ஐனு அமைப்பு, தங்கள் ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமை மூதாதையர் வழி வந்தது, அது தங்களுக்கு வேண்டும் என்று 2020-இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கென்தோ யமாசாகி நடித்த ‘கோல்டன் காமுய்’ திரைப்படம் 2024 ஜனவரியில் ஜப்பானியத் திரையரங்குகளை நிறைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது நீதிமன்றம். ஐனு தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. அசிர்பா சுகிமோட்டோவுக்குச் சமைத்துப்போட்ட சால்மனை, அவளுடைய வாரிசுகள் வணிகத்துக்காக ஆற்றில் பிடிக்க இன்றும் அனுமதி இல்லை; சடங்குக்கு மட்டும், விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த மங்காவைக் கொண்டாடும் ஜப்பானிய வாசகர்களும் அதன் புகழை மகிழ்ச்சியோடு பயன்படுத்திக்கொள்ளும் ஹொக்கைடோ சுற்றுலாத் துறையினரும் பேச வேண்டிய விஷயம் அந்த விண்ணப்பப் படிவம்தான்.